டெல்டாவுக்கு ஒரு சின்ன ஃபோர் வீல் டிரைவ்: எதை வாங்கலாம், எதை மாற்றலாம், எங்கே நிறுத்த வேண்டும்

ஐப்பசி பிறந்தால் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வகை வீடியோ வரத் தொடங்கும். இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு ஜீப் அலை எழுப்பிக்கொண்டு போகும், பக்கத்தில் கார்கள் செத்து நிற்கும். அதைப் பார்த்தவுடன் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் வசதியுள்ள பல வீடுகளில் ஒரே பேச்சு: புயல் வெள்ளத்துக்கு இருக்கட்டும் என்று நாமும் ஒரு ஃபோர் வீல் டிரைவ் வாங்கிப் போட்டால் என்ன?

வாங்கலாம். ஆனால் வீடியோவில் தெரியும் காரணத்துக்காக அல்ல. சின்ன ஃபோர் வீல் டிரைவ் சேற்றுக்கு நல்ல வண்டி, வெள்ளத்துக்குச் சுமாரான வண்டி. இந்த வித்தியாசம் புரியாமல் வாங்குபவர்கள் ஸ்நார்கெல் (என்ஜினுக்குக் காற்றைக் கூரை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய்), லிஃப்ட் கிட் (வண்டியின் உடலை உயர்த்தும் ஸ்பிரிங் தொகுப்பு), கம்பி பம்பர் என்று பணத்தை எல்லாம் தண்ணீர்ப் பக்கமே கொட்டுகிறார்கள். டெல்டாவின் மண், ரோடு, வாய்க்கால் ஆகியவற்றை வைத்து அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

டெல்டாவில் 'அவசரம்' எப்படி வருகிறது

மலைப்பகுதிக்கு எழுதிய ஆலோசனை இங்கே செல்லாது. இங்கே ஏற்றமும் இல்லை, பாறையும் இல்லை. கடந்த இருபது ஆண்டுகளைப் பார்த்தால் நான்கு விதமான நெருக்கடிகள் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன.

1. காற்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்தது. தென்னையும் மின்கம்பங்களும் ரோட்டின் குறுக்கே விழுந்து கிடந்ததுதான் அன்று பெரிய பிரச்சினை. மரத்தை அறுக்காமல் எந்த வண்டியும் நகர முடியவில்லை. மின்சாரம் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை, மோட்டார் ஓடாததால் குடிதண்ணீர் இல்லை. பல கிராமங்களில் இது நாள்கணக்கைத் தாண்டி வாரக்கணக்காக நீண்டது.

2. ஒரே நாளில் கொட்டும் மழை. 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 செ.மீ.க்கு மேல் பெய்தது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. சமவெளி என்பதால் இந்தத் தண்ணீர் ஓடாது, நிற்கும். வடிகால் ஆறுகள் நிரம்பி, கடலும் உள்வாங்க மறுத்தால் வடிய நாள்கள் ஆகும்.

3. ஆற்று வெள்ளம். மேட்டூர் நிரம்பி உபரி நீர் வந்தால் அது முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திரும்பும். கொள்ளிடக் கடைமடையில் உள்ள நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளமணல் போன்ற படுகை ஊர்களைத் தண்ணீர் சூழும். வானம் வெளுத்திருக்கும்போதே வரும் வெள்ளம் இது.

4. மழைக்குப் பிந்தைய சேறு. செய்தியில் வராது, ஆனால் அதிக நாள் நீடிப்பது இதுதான். ஊருக்குள் வரும் கப்பி ரோடு கரைந்து, ஆற்றங்கரைப் பாதை உளையாகி, ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும் நிலை.

ஃபோர் வீல் டிரைவ் நேரடியாகக் கைகொடுப்பது நான்காவதில். முதலாவதில் வண்டியை விட மரம் அறுக்கும் மெஷினுக்கு வேலை அதிகம். இரண்டாவதில் ஓர் எல்லை வரை. மூன்றாவதில் படகுதான், அல்லது தண்ணீர் வருவதற்கு முன்பே கிளம்பிவிடுவதுதான்.

நான்கு சக்கர இழுவை என்ன செய்கிறது

சாதாரணக் காரில் என்ஜினின் சக்தி இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் போகிறது. ஃபோர் வீல் டிரைவில் 'டிரான்ஸ்ஃபர் கேஸ்' என்ற கூடுதல் கியர் பெட்டி அந்தச் சக்தியை முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் பிரித்து அனுப்புகிறது. உண்மையான ஆஃப் ரோடு வண்டியில் மூன்று நிலைகள் இருக்கும்.

- 2 ஹை: பின்சக்கரங்கள் மட்டும். தார் ரோட்டுக்கு இதுதான்.
- 4 ஹை: நான்கு சக்கரமும். வழுக்கும் மண், மணல், ஈரக் கப்பி ரோட்டுக்கு.
- 4 லோ: நான்கு சக்கரமும், ஆனால் வேகம் குறைந்து இழுவை பெருகும். மாருதி ஜிம்னியில் இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. உளையிலிருந்து மெதுவாக ஊர்ந்து வெளியே வரவும், இன்னொரு வண்டியை இழுக்கவும் பயன்படும்.

4 ஹையைக் காய்ந்த தார் ரோட்டில் போட்டு ஓட்டக்கூடாது. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் உருள வேண்டும். தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்தையும் இணைக்கும் இந்த 'பார்ட் டைம்' அமைப்பு அதற்கு இடம் கொடுக்காது, கியர் பெட்டி முறுக்கிக்கொள்ளும். மழைக்குப் பயந்து மாதம் முழுக்க 4 ஹையிலேயே ஓட்டி டிரான்ஸ்ஃபர் கேஸைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

அடுத்தது டிஃபரன்ஷியல். ஒரே ஆக்சிலில் உள்ள இடது, வலது சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இது உதவுகிறது. இதன் குறை என்னவென்றால், பிடிப்பே இல்லாத சக்கரத்துக்குத்தான் சுழற்சி எல்லாம் போய்ச் சேரும். நான்கு சக்கர இழுவை இருந்தும் ஒரு முன்சக்கரமும் ஒரு பின்சக்கரமும் வெறுமனே சுற்ற, வண்டி நின்ற இடத்திலேயே நிற்பது இதனால்தான். இதற்கு இரண்டு தீர்வுகள். ஒன்று, சுற்றும் சக்கரத்தை மட்டும் எலக்ட்ரானிக் முறையில் பிரேக் பிடித்து, சக்தியை எதிர்ச் சக்கரத்துக்குத் தள்ளுவது. ஜிம்னியில் இருப்பது இந்த வகை. இன்னொன்று, டிஃபரன்ஷியலையே பூட்டிவிடும் லாக். ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னும் பின்னும் இந்த லாக் உண்டு.

டெல்டாவில் இது எங்கே தேவைப்படும்? ஒற்றை வழி ஊராட்சிச் சாலையில் எதிரே வரும் பஸ்ஸுக்கோ டிராக்டருக்கோ ஒதுங்கும்போது. தார் விளிம்பைத் தாண்டி இடது சக்கரங்கள் இறங்கியவுடன் ஈரமான ஓர மண் அமுங்கும். வலது பக்கம் தாரில், இடது பக்கம் வாய்க்கால் சரிவில், அடிப்பாகம் தார் விளிம்பில் உட்கார்ந்திருக்கும். இங்கே ஆக்சிலரேட்டரை மிதித்தால் இடது சக்கரங்கள் இன்னும் குழி பறித்து வண்டியை வாய்க்காலுக்குள் சாய்க்கும். முதலில் ஆட்களை வலது பக்கமாக இறக்கிவிட்டு, இறங்கிய சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் வைக்கோலோ தென்னை மட்டையோ அடைத்து, 4 லோவில் வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுக்க வேண்டும். முன்னோக்கி எடுத்தால் புதிதாக இன்னொரு இடத்தில் கரை உடையும்.

தண்ணீர்க் கணக்கு

வீடியோக்கள் சொல்லாத பகுதி இது. தண்ணீரில் இறங்கிய வண்டிக்கு இரண்டு ஆபத்துகள்: என்ஜினுக்குள் தண்ணீர் போவது, வண்டியே மிதப்பது. ஸ்நார்கெல் தடுப்பது முதலாவதை மட்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். சுமார் 1,200 கிலோ எடையுள்ள ஒரு சின்ன வண்டி. சக்கரக் குழிகள், பம்பர் வளைவுகளைக் கழித்தால் அதன் அடித்தளப் பரப்பு ஏறக்குறைய 5 சதுர மீட்டர். அடித்தளத்துக்கு மேல் தண்ணீர் 10 செ.மீ. ஏறினால், கதவு ரப்பர் உள்ளே விடாத வரை, வண்டி 500 லிட்டர் தண்ணீரை இடம்பெயர்க்கிறது. அதாவது 500 கிலோ எடை டயரிலிருந்து கழன்றுவிடும். அடித்தளம் தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால்,

- 50 செ.மீ. தண்ணீரில் டயர்மேல் மிச்சம் இருப்பது 700 கிலோ.
- 60 செ.மீ. தண்ணீரில் வெறும் 200 கிலோ. ஆள்கள் ஏறியிருந்தால் கொஞ்சம் கூடும்.
- 65 செ.மீ. தாண்டினால் அது வண்டியல்ல, ஸ்டீயரிங் வைத்த தெப்பம்.

நான்கு சக்கரமும் சுற்றினாலும் தரையில் எடை இல்லையென்றால் பிடிப்பும் இல்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது வண்டியைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். சின்ன வண்டி எடை குறைவு என்பது சேற்றில் வரம், தண்ணீரில் சாபம்.

மஹிந்திரா தார் 650 மி.மீ., ஃபோர்ஸ் கூர்க்கா 700 மி.மீ. என்று கம்பெனிகள் சொல்லும் ஆழம், நிற்கும் தண்ணீரில், உறுதியான தரையில், மெதுவாகப் போவதற்கானது. அந்த இரண்டும் ஜிம்னியைவிட நல்ல கனமான வண்டிகள் என்பதையும் மறக்கக்கூடாது. வெண்ணாற்றங்கரையிலிருந்து உடைப்பெடுத்து ரோட்டைக் குறுக்கே கடக்கும் தண்ணீருக்கு அந்த எண் பொருந்தாது.

டெல்டாவுக்கே உரிய இன்னொரு ஆபத்து: ரோட்டின் இரண்டு பக்கமும் வாய்க்கால். தண்ணீர் சமமாக நின்றுவிட்டால் ரோடு எது, வாய்க்கால் எது என்று தெரியாது. ரோட்டின் நடுவில் முழங்கால் அளவு, மூன்றடி தள்ளினால் ஆள் உயரம். மின்கம்ப வரிசை, ஓரத்துப் புளியமரங்கள், மதகுப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஆகியவற்றை வைத்துத்தான் ரோட்டைக் கணிக்க முடியும். கைப்பிடிச் சுவர் தெரிகிறது என்பதால் பாலம் இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. பாலத்தை ஒட்டிய மண்ணை அரிப்பு தின்றிருக்கலாம்.

நடைமுறை விதி இது. வண்டியில் ஒரு மூங்கில் கழி வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் மையம் எந்த உயரத்தில் இருக்கிறதோ அங்கே ஒரு சிவப்புக் கோடு. ஜிம்னியின் டயர் அளவுக்கு அது தரையிலிருந்து சுமார் 34 செ.மீ. நிற்கும் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இருந்தால் நடை வேகத்தில் போகலாம். ஓடும் தண்ணீர் என்றால், தார் ரோட்டின் நிறம் தெரியாத எந்த ஆழத்திலும் போகக்கூடாது. கழியோடு இறங்கிப் பார்ப்பதற்கு முன் அறுந்த மின்கம்பி எங்காவது தொங்குகிறதா என்று பார்ப்பது முதல் வேலை.

எந்த வண்டி

சின்ன வண்டி ஏன்? எடை குறைவு என்பதால் உளையில் குறைவாக அமுங்கும். ஜிம்னியின் அகலம் 1,645 மி.மீ., மஹிந்திரா தாரின் அகலம் 1,820 மி.மீ. இந்தப் பதினேழு செ.மீ. வித்தியாசம் நெடுஞ்சாலையில் ஒன்றுமில்லை. ஆற்றங்கரைப் பாதையில் எதிரே ஒரு வைக்கோல் டிராக்டர் வந்தால் அதுதான் எல்லாம். மாட்டிக்கொண்டாலும் எட்டுப் பேர் சேர்ந்தால் ஒரு டன் வண்டியை அசைக்கலாம். இரண்டு டன் வண்டிக்கு டிராக்டர் வர வேண்டும்.

1. மாருதி ஜிம்னி: 2023ல் ஐந்து கதவோடு வந்தது. ஏணி வடிவ இரும்புச் சட்டகம், முன்னும் பின்னும் முழு ஆக்சில் (இடது, வலது சக்கரங்களை இணைக்கும் ஒரே தண்டு), 4 லோ, 210 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ். பெட்ரோல் மட்டும், 40 லிட்டர் டேங்க், நான்கு பேருக்கான இடம். டெல்டாவின் குறுகல் பாதைகளுக்கு அளவெடுத்த மாதிரியான வண்டி. குறை, சாமான் இடமும் தாங்கும் எடையும் குறைவு.

2. மஹிந்திரா தார்: 2020ல் வந்த மூன்று கதவு மாடல். 226 மி.மீ. கிளியரன்ஸ், டீசலும் கிடைக்கும். இழுவை தாராளம். இதில் பின்சக்கர இழுவை மட்டும் உள்ள வேரியண்டுகளும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் லேசில் தெரியாது. பழைய வண்டி வாங்குவோர் இரண்டாவது கியர் லீவர் இருக்கிறதா என்று உள்ளே எட்டிப் பார்ப்பது நல்லது.

3. ஃபோர்ஸ் கூர்க்கா: ஸ்நார்கெலும் இரண்டு டிஃபரன்ஷியல் லாக்கும் கம்பெனியிலிருந்தே வரும். தகுதியில் முதலிடம், ஆனால் 'சின்ன' என்ற சொல்லுக்குள் அடங்காது. சர்வீஸ் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டிய வண்டி.

4. பழைய மாருதி ஜிப்ஸி: ஏறக்குறைய ஒரு டன் எடை, லீஃப் ஸ்பிரிங், மிகக் குறைந்த எலக்ட்ரானிக்ஸ். உள்ளூர் மெக்கானிக் மழை நின்ற மறுநாள் திறந்து காயவைத்து ஓட்டிக் கொடுக்கக்கூடிய கடைசித் தலைமுறை வண்டி. நாகை, வேதாரண்யம் பக்கம் ஓடியதென்றால் சேசிஸ் துருவைச் சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். 15 ஆண்டு கடந்திருந்தால் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா என்பதும் முக்கியம்.

'ஆல் வீல் டிரைவ்' என்று விற்கப்படும் நகரத்து எஸ்.யூ.வி.கள் வேறு இனம். அவற்றில் 4 லோ கிடையாது. தேவைப்படும்போது பின்சக்கரத்தை இணைக்கும் கிளட்ச், உளையில் தொடர்ந்து போராடினால் சூடேறி விலகிக்கொள்ளும். ஈரக் கப்பி ரோட்டுக்குப் போதும், அதற்கு மேல் எதிர்பார்க்கக்கூடாது.

பெட்ரோலா டீசலா? டெல்டாவில் டிராக்டர், அறுவடை மெஷின் எல்லாம் டீசலில் ஓடுவதால் ஊருக்குள் எப்போதும் எங்காவது டீசல் இருக்கும். மின்சாரம் போய் பங்க் இயங்காத நாள்களில் இது ஒரு வசதிதான். ஆனால் இதற்காக மட்டும் பெரிய வண்டிக்குப் போக வேண்டியதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை டேங்க் பாதிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் ஜிம்னியின் 40 லிட்டர் டேங்க் எந்நேரமும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தாங்கும்.

மாற்றங்களுக்கு முன் எடைக் கணக்கு

ஜிம்னியின் வெறும் எடை சுமார் 1,200 கிலோ. ஆள், சாமான் எல்லாம் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,545 கிலோ. ஆக, ஏற்றக்கூடியது 345 கிலோ. நான்கு பேர் ஏறினால் 260 கிலோ போய்விடும். மீதி 85. இருபது லிட்டர் தண்ணீர் கேன் நான்கு வைத்தால் 80 கிலோ. கணக்கு முடிந்தது.

இப்போது இரும்பு பம்பர், வின்ச் (கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் மோட்டார்), கூரை கேரியர் மூன்றையும் மாட்டிப் பாருங்கள். மூன்றும் சேர்ந்து எளிதாக நூறு கிலோவை எட்டும். அந்த வண்டி நான்கு பேரோடு ஒரு கேன் தண்ணீர்கூட ஏற்ற முடியாத நிலையில்தான் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. அவசரத்துக்காகச் செய்த மாற்றம் அவசரத்தில் ஏற்ற வேண்டியதைத் தின்றுவிடுகிறது.

பணம் போட வேண்டியவை

1. டயர். மற்ற எல்லாம் சேர்ந்து தருவதைவிட அதிகப் பலன் தருவது இது. ஆண்டில் ஒன்பது மாதம் தார் ரோட்டில் ஓடும் வண்டிக்கு, ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் வகை போதும். சேற்றுக்கென்றே செய்த மட் டெரெய்ன் டயர் சேற்றில் சிறந்தது என்றாலும் டெல்டாக் களிமண் அதன் பட்டன் இடைவெளியில் அப்பிக்கொண்டால், சக்கரத்தை வேகமாகச் சுற்றி உதறினால்தான் போகும். ஈரத் தார் ரோட்டில் அதன் பிரேக் பிடிப்பும் குறைவு. அகல டயர் ஆசையும் வேண்டாம். மேலே குழம்பு, அடியில் கெட்டி என்று இருக்கும் கப்பி ரோட்டில் ஒடுக்கமான டயர் குழம்பைக் கிழித்துக் கெட்டியைத் தொடும். சேற்றுழவுக்கு டிராக்டரில் ரப்பர் டயரோடு விடாமல் இரும்புக் கூண்டு போன்ற கேஜ் வீல் மாட்டுவது ஏன் என்று யோசித்தால் ஆழ உளையில் ரப்பர் டயரின் எல்லை புரியும்.

2. காற்று அழுத்த மானியும் 12 வோல்ட் கம்ப்ரஸரும். வேதாரண்யம், கோடியக்கரை மணலிலோ உளையிலோ டயர் அழுத்தத்தை 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் டயர் படியும் பரப்பு கூடி வண்டி மேலே நிற்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் காற்றை மறுபடி ஏற்ற வேண்டும், அதற்குத்தான் கம்ப்ரஸர்.

3. டிஃபரன்ஷியல் மூச்சுக் குழாயை உயர்த்துவது. யாரும் பேசாத, பெரிய செலவில்லாத, ஆனால் இந்த ஊருக்கு மிகத் தேவையான வேலை. ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியவுடன் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்த உறிஞ்சலில் மூச்சு வால்வு வழியாகவும் ஆயில் சீல் வழியாகவும் தண்ணீர் உள்ளே போகும். வால்வைக் கழற்றி, ஆயில் தாங்கும் ரப்பர் குழாய் இணைத்து, என்ஜின் அறைவரை மேலே கொண்டுபோய்க் கட்டிவிட்டால் காற்று அங்கிருந்து வரும். கியர் பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டுக்கும் இதேபோலச் செய்யலாம்.

4. இழுவைப் பட்டையும், அதை மாட்டும் 'டி' வடிவ இரும்பு வளையமான டி ஷேக்கிளும். சேசிஸில் உள்ள கொக்கியில் மட்டும் மாட்ட வேண்டும். பம்பரிலோ டிரெய்லர் இழுக்கும் குண்டிலோ மாட்டி இழுத்தால் அது பிய்ந்து பறந்து ஆளைக் கொல்லும். வின்ச் விஷயத்தில் என் கருத்து: டெல்டாவில் தேவையில்லை. வயல்வெளியில் கயிற்றைக் கட்ட மரம் பக்கத்தில் இருக்காது. கரையோரத் தென்னையில் கட்டினால் நனைந்த மண்ணில் மரம் வண்டிமேல் சாயும். பக்கத்து ஊர் டிராக்டர்தான் இங்கே வின்ச். அதற்குப் பட்டையும் ஒரு போன் நம்பரும் போதும்.

5. ஜாக்கிக்கு அடிப்பலகை. ஒன்றரை அடிச் சதுரத்தில் கனமான பலகை ஒன்று. அது இல்லாமல் ஈரக் களிமண்ணில் ஜாக்கி போட்டால் வண்டி மேலே வராது, ஜாக்கி கீழே போகும்.

6. துருப் பாதுகாப்பு. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி வசிப்போருக்கு இது டயருக்கு அடுத்த இடம். அடிப்பாகத்துக்கு மேல்பூச்சு மட்டும் போதாது. சேசிஸின் பெட்டிப் பகுதிகளுக்குள் மெழுகு வகைப் பூச்சை அடிக்க வேண்டும். வடிகால் துளைகளைப் பூச்சு அடைத்துவிடக்கூடாது.

யோசித்துச் செய்ய வேண்டியவை

லிஃப்ட் கிட். ஜிம்னி போன்ற முழு ஆக்சில் வண்டியில் தரைக்கு மிக அருகில் இருப்பது டிஃபரன்ஷியல் உருண்டை. ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடி உயரும், உருண்டை அதே இடத்தில்தான் இருக்கும். அதை உயர்த்துவது பெரிய டயர் மட்டுமே. சமவெளியில் அதிகப்படி லிஃப்ட் தருவது, கரைச் சரிவில் சாயும்போது கவிழும் வாய்ப்பைத்தான்.

ஸ்நார்கெல். தூசிக்கும் மழைச் சாரலுக்கும் நல்லது. ஆழத் தண்ணீருக்கான அனுமதிச் சீட்டாக அதை நினைத்தால் மேலே போட்ட மிதப்புக் கணக்கு காத்திருக்கிறது. அரைகுறையாக மாட்டிய ஸ்நார்கெலில் ஏர் ஃபில்டர் பெட்டியின் இணைப்பு ஒழுகும். அது இல்லாததைவிட ஆபத்து.

கூரை விளக்கு வரிசை. அடைமழையில் மேலிருந்து அடிக்கும் வெள்ளை வெளிச்சம் மழைத்துளியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். பம்பர் மட்டத்தில் மஞ்சள் ஃபாக் லைட் இரண்டு போதும்.

சட்டமும் இன்சூரன்ஸும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988ன் 52வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்களிலிருந்தும் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்தும் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, உரிமையாளர் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. முன்பக்கக் கம்பி பம்பருக்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு உத்தரவு அனுப்பிவிட்டது. ஆர்.டி.ஓ. கண்டுகொள்ளவில்லை என்பது அனுமதி ஆகாது. விபத்து நடந்தால் முதலில் இதை எடுத்து நீட்டுவது இன்சூரன்ஸ் சர்வேயர்தான்.

மேலே 'பணம் போட வேண்டியவை' என்று சொன்ன ஆறும் வண்டியின் உருவத்தை மாற்றாதவை. டயரை மட்டும் கம்பெனி அனுமதித்த அளவுக்குள் வைத்துக்கொண்டால் போதும்.

இன்சூரன்ஸில் இன்னொரு சிக்கல். வெள்ளச் சேதம் முழுக் காப்பீட்டில் அடங்கும். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து என்ஜின் பழுதானால் அது பின்விளைவுச் சேதம் என்று சாதாரணப் பாலிசியில் மறுக்கப்படும். 'என்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் இணைப்பு எடுத்திருக்க வேண்டும். புதுப்பிக்கும் மாதம் எதுவாக இருந்தாலும் அந்த வரி பாலிசியில் இருக்கிறதா என்று புரட்டாசிக்குள் பார்த்துவிடுவது நல்லது.

வண்டிக்குள் என்ன இருக்க வேண்டும்

மரம் அறுக்கும் சின்ன செயின் மெஷினும் தீட்டுவதற்கு அரமும். தென்னைத் தண்டு செயினின் பற்களைச் சீக்கிரம் மழுக்கிவிடும். ஆகவே மாற்றுச் செயின் ஒன்று தேவை. மின்கம்பம் சேர்ந்து விழுந்த மரத்தை மின்வாரிய ஆள் வரும்வரை தொடக்கூடாது. கூடவே அரிவாள், மண்வெட்டி, நாலு காலிச் சாக்கு, டார்ச், முதலுதவிப் பெட்டி, போன் சார்ஜ் செய்ய ஒரு சின்ன 12 வோல்ட் இன்வெர்ட்டர். செல்போன் டவர் வேலை செய்யும்போதே மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070, மாவட்டத்தின் 1077 இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிடலாம். வண்டியை எடுத்துப் போவது வீட்டுப் பெரியவராகவும் இருக்கலாம். அவருக்கு உங்கள் போனின் பாஸ்வேர்டு தெரியாது.

தண்ணீரில் இறங்கி வந்த பிறகு

1. தண்ணீரைக் கடந்தவுடன் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை நாலைந்து முறை லேசாக அழுத்திக் காயவைக்க வேண்டும்.

2. அதே வாரத்தில் டிஃபரன்ஷியலின் மேல் போல்ட்டைத் திறந்து ஆயிலைப் பார்க்க வேண்டும். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். அப்படியே ஓட்டினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் பேரிங் முனகும், பிறகு டிஃபரன்ஷியலின் கிரவுன் பல்சக்கரம் போகும். ஆயில் மாற்றுவதோடு முடியும் வேலையை வளர்த்துவிடக்கூடாது.

3. உப்புத் தண்ணீர் பட்டிருந்தால் அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பாகம் முழுக்க அடித்துக் கழுவ வேண்டும். உப்பனாற்றுத் தண்ணீரும், கடல் ஏறிய வடிகால் தண்ணீரும் இந்தக் கணக்கில்தான் வரும்.

4. நிறுத்தி வைத்திருந்தபோது தண்ணீர் இருக்கைவரை ஏறிவிட்டதா? சாவியைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால், அது காற்றைப் போலச் சுருங்காது. ஒருமுறை செல்ஃப் அடித்தாலே கனெக்டிங் ராடு வளையும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் ஏறிய கோடு கதவில் தெரியும்படி போட்டோ எடுத்து, இன்சூரன்ஸுக்குச் சொல்லிவிட்டு, கட்டி இழுத்துத்தான் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டும்.

5. மழைக்காலம் இல்லாத மாதங்களிலும் மாதம் ஒருமுறை களத்திலோ மண் பாதையிலோ 4 ஹை, 4 லோ இரண்டையும் போட்டு நேராகச் சிறிது தூரம் ஓட்ட வேண்டும். பத்து மாதம் தொடாத லீவர் கார்த்திகை மழையில் அசையாது.